கைதியின் மனுவும் உச்ச நீதிமன்றத்தின் கதவும்: ஏ.கே. கோபாலன் நடந்த பாதை

புது தில்லி: தலைநகரின் பழைய நாடாளுமன்றக் கட்டடம், 2023 செப்டம்பரில் இரு அவைகளும் புதிய கட்டடத்துக்கு மாறிய பிறகு, சம்விதான் சதன் என்று பெயர் பெற்றுள்ளது. சட்டமன்றப் பணிகளுக்காகவே அறியப்பட்ட இந்த வட்ட வடிவக் கட்டடத்தில்தான் குடியரசின் முதல் எட்டு ஆண்டுகள் உச்ச நீதிமன்றமும் இயங்கியது. மன்னர்களின் பேரவைக்கென அமைக்கப்பட்ட மண்டபத்தில் 1937 முதல் கூட்டாட்சி நீதிமன்றம் கூடியது. 1950 ஜனவரி 28 அன்று அதே மண்டபத்தில் உச்ச நீதிமன்றம் தொடங்கி வைக்கப்பட்டது. 1958-ல்தான் அது இப்போதைய கட்டடத்துக்கு இடம் மாறியது.

அந்தக் கட்டடத்தின் ஒரு மண்டபத்தில் 1950-ல் கைதியின் மனு ஒன்று விசாரிக்கப்பட்டுத் தள்ளுபடியானது. மனுதாரர், அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே கட்டடத்தின் மற்றொரு மண்டபத்தில் மக்களவை உறுப்பினராக அவர் நுழைந்தார். அவையின் மிகப் பெரிய எதிர்க்கட்சிக் குழுவின் தலைவராகவும் அமர்ந்தார்.

விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்ட ஒருவர் நாட்டின் உச்ச நீதிமன்றத்தை நேரடியாக அணுகித் தன் சிறைவாசம் சட்டப்படியானதா என்று கேட்க முடியும் என்ற உரிமையை, குடியரசின் தொடக்க நாள்களிலேயே முழு அளவில் சோதித்துப் பார்த்தவர் கோபாலன். சோதனையில் அவர் தோற்றார். ஆனால் அந்தத் தோல்விக்குள் இருந்த ஒரு சிறு வெற்றியும், இரு நீதிபதிகளின் மாறுபட்ட தீர்ப்பும், பிற்காலத்தில் கோடிக்கணக்கான குடிமக்களின் உரிமைக்கு அடித்தளமாயின.

ஆசிரியர் பணியிலிருந்து சிறைக்கு

ஆயில்யத்து குட்டியாரி கோபாலன் 1904 அக்டோபர் 1 அன்று வட மலபாரில், கண்ணூருக்கு அருகிலுள்ள பெரளசேரி பகுதியில் பிறந்தார். தலச்சேரியில் கல்வி பயின்று பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அவரை, காங்கிரஸின் கதர் இயக்கமும் தீண்டாமை எதிர்ப்புப் பிரசாரமும் ஈர்த்தன. 1930-ல் உப்பு சத்தியாகிரகம் தொடங்கியபோது ஆசிரியர் பணியைத் துறந்து போராட்டத்தில் இறங்கினார். அவரது முதல் சிறைவாசமும் அப்போதுதான்.

1931 நவம்பரில் கே. கேளப்பன் தலைமையில் குருவாயூர் ஆலய நுழைவு சத்தியாகிரகம் தொடங்கியது. அதில் தொண்டர் படைக்குத் தலைமை தாங்கிய கோபாலன், ஆலய நுழைவை எதிர்த்தவர்களின் கடும் தாக்குதலுக்கு ஆளானார். 1934-க்குப் பிறகு காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்து விவசாயிகளையும் தொழிலாளர்களையும் திரட்டும் பணியில் ஈடுபட்டார். 1936-ல் வேலையின்மைக்கும் வறுமைக்கும் தீர்வு கோரி, மலபாரிலிருந்து சென்னை வரை பட்டினிப் பேரணியை நடத்திச் சென்றார். வழியெங்கும் தமிழ்நாட்டு ஊர்களில் அவர் பேசிய கூட்டங்கள், பிற்காலத்தில் தமிழகத் தொழிற்சங்க இயக்கத்தோடு அவருக்கு ஏற்பட்ட நெருக்கத்துக்குத் தொடக்கமாயின. 1939-ல் கேரளத்துக் காங்கிரஸ் சோஷலிஸ்டுகள் பெருமளவில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு மாறியபோது கோபாலனும் அவர்களோடு சென்றார்.

இரண்டாம் உலகப் போரின்போது கைது செய்யப்பட்டு வேலூர் சிறையில் அடைக்கப்பட்ட அவர், அங்கிருந்து தப்பினார். போர் முடியும் வரை தலைமறைவாகவே இருந்தார். போருக்குப் பின் மீண்டும் கைதானார். 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு சுதந்திரம் பெற்றபோது கோபாலன் இருந்த இடம் கண்ணூர் சிறை. தன்னிடம் வைத்திருந்த தேசியக் கொடியை ஏந்திச் சிறை வளாகத்தில் நடந்து, சக கைதிகளிடையே சுதந்திரத்தின் பொருளைப் பற்றிப் பேசினார் என்று அவரது தன்வரலாறு தெரிவிக்கிறது. விடுதலைப் போராட்டத்துக்காக முதலில் சிறை சென்றவர், விடுதலை கிடைத்த நாளிலும் கைதியாகவே இருந்தார்.

சில வாரங்களில் விடுவிக்கப்பட்டாலும், 1947 டிசம்பரில் மீண்டும் கைது செய்யப்பட்டார். அதன் பிறகு ஒரு உத்தரவு முடிந்தால் அடுத்த உத்தரவு, ஒரு வழக்கு தள்ளுபடியானால் அடுத்த காவல் என்ற நிலை நீடித்தது. சாதாரணக் குற்றவியல் சட்டத்தின் கீழ் தனக்கு விதிக்கப்பட்ட தண்டனைகள் ரத்தான பின்னரும் தன்னை வெளியே விடவில்லை என்பது உச்ச நீதிமன்றத்தில் அவர் தாக்கல் செய்த மனுவின் சாரம்.

கதவு இல்லாத காலம்

கோபாலனின் வழக்கு ஏன் முக்கியமானது என்பதை அறிய, அதற்கு முந்தைய நிலையைப் பார்க்க வேண்டும். விசாரணையின்றிச் சிறை வைக்கும் அதிகாரம் இந்தியாவுக்குப் புதிதன்று. 1818-ஆம் ஆண்டின் மூன்றாவது வங்காள ஒழுங்குவிதி, ஆட்சிக்கு ஆபத்தானவர்கள் என்று கருதப்பட்டோரை அரசுக் கைதிகளாகக் காலவரையின்றி அடைத்து வைக்க கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழி செய்தது. அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்துக்கும் இதுபோன்ற ஒழுங்குவிதி வந்தது. இரண்டு உலகப் போர்களின்போதும் இந்தியப் பாதுகாப்பு விதிகள் அதே அதிகாரத்தை விரிவுபடுத்தின.

கைதியை நீதிமன்றத்தின் முன் நிறுத்தி, அவரை எந்தச் சட்டத்தின் கீழ் அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று சிறை அதிகாரியைக் கேட்பதே ஆட்கொணர்வு ஆணை. சரியான பதில் இல்லையெனில் கைதி விடுவிக்கப்பட வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்த ஆணையைப் பிறப்பிக்கும் அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 491-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றங்களிடம் இருந்தது. தில்லியில் இருந்த கூட்டாட்சி நீதிமன்றத்தைக் கைதி நேரடியாக அணுக இயலாது. அரசமைப்புச் சட்டம் தொடர்பான கேள்வி எழுந்து, உயர் நீதிமன்றத்தின் சான்று கிடைத்தால் மட்டுமே மேல்முறையீடாகச் செல்ல முடியும்.

அப்படிச் சென்று வென்றாலும் வெற்றி நிலைக்கவில்லை. 1943 ஏப்ரலில் கேசவ் தல்பாடே வழக்கில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் 26-ஆவது விதி செல்லாது என்று தலைமை நீதிபதி மாரிஸ் குவயர் தலைமையிலான கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கான காங்கிரஸார் அந்த விதியின் கீழ் சிறையில் இருந்த நேரம் அது. சில நாள்களிலேயே அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்து, அந்த விதியை முன்தேதியிட்டுச் செல்லுபடியாக்கியது அரசு.

1950 ஜனவரி 26 அன்று இந்த நிலை மாறியது. அடிப்படை உரிமை பறிக்கப்பட்ட எவரும் உச்ச நீதிமன்றத்தை நேரடியாக அணுகலாம் என்று அரசியல் சாசனத்தின் 32-ஆவது பிரிவு கூறியது. அப்படி அணுகுவதே ஓர் அடிப்படை உரிமை என்றும் அது அறிவித்தது. உயர் நீதிமன்றங்களுக்கு 226-ஆவது பிரிவு இதேபோன்ற அதிகாரத்தை அளித்தது. மாநில அரசு பூட்டிய சிறைக் கதவை, தில்லியில் உள்ள நீதிமன்றம் திறக்க முடியும் என்பது முதன்முறையாகச் சட்டமானது.

அதே அரசியல் சாசனம் தடுப்புக் காவலுக்கும் இடம் கொடுத்தது. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பளிக்கும் 21-ஆவது பிரிவில், அமெரிக்க வழியில் முறையான சட்ட நெறி என்ற சொற்றொடரைச் சேர்க்க அரசியல் நிர்ணய சபையில் பலர் விரும்பினர். நீதிபதிகளுக்கு அளவு கடந்த அதிகாரம் சென்றுவிடும் என்று சென்னையைச் சேர்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் உள்ளிட்டோர் அதை எதிர்த்தனர். இறுதியில், சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை என்ற சொற்றொடர் இடம்பெற்றது. அதனால் ஏற்பட்ட குறையை ஓரளவு ஈடு செய்யவே, கைதானோருக்கான பாதுகாப்புகளைப் பட்டியலிடும் இப்போதைய 22-ஆவது பிரிவை 1949 செப்டம்பரில் அம்பேத்கர் கொண்டு வந்தார். தடுப்புக் காவலுக்கான அனுமதியும் அதற்கான வரம்புகளும் அந்தப் பிரிவிலேயே அடங்கியுள்ளன.

ஒரு மாதத்தில் வந்த சட்டம்

குடியரசு பிறந்து ஒரு மாதம் நிறைவதற்குள் தடுப்புக் காவல் சட்ட மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. தெலங்கானாவிலும் வங்காளத்திலும் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். மாகாணங்களின் பழைய பாதுகாப்புச் சட்டங்கள் புதிய அரசியல் சாசனத்தின் முன் நிற்குமா என்ற ஐயம் எழுந்திருந்தது. நீதிமன்றங்கள் நூற்றுக்கணக்கானோரை விடுவித்துவிடும் என்ற கவலையில், 1950 பிப்ரவரி 25 அன்று உள்துறை அமைச்சர் வல்லபபாய் படேல் மசோதாவைத் தாக்கல் செய்தார். இந்த முடிவு தனக்கு இரு இரவுகளின் உறக்கத்தைக் கெடுத்தது என்பதை அவர் அவையில் மறைக்கவில்லை. ஓராண்டு மட்டுமே அமலில் இருக்கும் தற்காலிகச் சட்டம் என்ற உறுதியுடன் அது நிறைவேறியது.

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு, பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் 22 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். கோபாலன் திரட்டி வளர்த்த இயக்கத்தைச் சேர்ந்தவர்கள்.

மார்ச் 1 அன்று, ஏற்கெனவே சிறையில் இருந்த கோபாலனிடம் புதிய சட்டத்தின் 3-ஆவது பிரிவின் கீழான காவல் உத்தரவு வழங்கப்பட்டது. அவர் 32-ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். இவ்வாறு உச்ச நீதிமன்றம் சந்தித்த முதல் பெரிய அரசியல் சாசன வழக்கு, சென்னை அரசுக்கு எதிராக ஒரு கைதி தொடுத்த வழக்காக அமைந்தது.

ஆறு நீதிபதிகள், ஆறு தீர்ப்புகள்

தலைமை நீதிபதி ஹரிலால் கனியா, பசல் அலி, பதஞ்சலி சாஸ்திரி, மெகர்சந்த் மகாஜன், பி.கே. முகர்ஜி, எஸ்.ஆர். தாஸ் ஆகிய ஆறு பேர் வழக்கை விசாரித்தனர். கோபாலன் சார்பில் எம்.கே. நம்பியார் ஆஜரானார். பிற்காலத்தில் நாட்டின் அட்டர்னி ஜெனரலாகப் பணியாற்றிய கே.கே. வேணுகோபால் இவரது மகன் ஆவார். சென்னை அரசுக்காக அட்வகேட் ஜெனரல் கே. ராஜா ஐயரும், மத்திய அரசுக்காக அட்டர்னி ஜெனரல் எம்.சி. செதல்வாட்டும் வாதாடினர்.

நம்பியார் முன்வைத்த வாதங்களை மூன்றாகத் தொகுக்கலாம். சிறை வைக்கப்பட்டவரின் நடமாடும் சுதந்திரமும் பறிபோகிறது. எனவே 19-ஆவது பிரிவின்படி அந்தக் கட்டுப்பாடு நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்பது முதல் வாதம். நாடாளுமன்றம் இயற்றிய எந்தச் சட்டமும் 21-ஆவது பிரிவுக்குப் போதுமானதாகிவிடாது, அந்தச் சட்டம் இயற்கை நீதிக்கும் உடன்பட்டதாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. 22-ஆவது பிரிவு தரும் குறைந்தபட்சப் பாதுகாப்புகளைக்கூட இந்தச் சட்டம் மீறுகிறது என்பது மூன்றாவது.

1950 மே 19 அன்று தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகளும் தனித்தனியே எழுதினர். நால்வர் கோபாலனுக்கு எதிராக நின்றனர். ஒவ்வொரு அடிப்படை உரிமையும் தனித்தனிப் பெட்டி போன்றது, தடுப்புக் காவலுக்கு 22-ஆவது பிரிவே போதுமான அளவுகோல், சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை என்பது முறைப்படி இயற்றப்பட்ட சட்டம் வகுத்த நடைமுறையே என்பது பெரும்பான்மையின் நிலைப்பாடு. மனு தள்ளுபடி செய்யப்பட்டது.

பசல் அலியும் மகாஜனும் மாறுபட்டனர். குறிப்பாக பசல் அலி, அடிப்படை உரிமைகள் ஒன்றோடொன்று பின்னியவை என்றும், ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறையில் அவர் தரப்பைக் கேட்பது உள்ளிட்ட அடிப்படை நீதிநெறிகள் இருந்தாக வேண்டும் என்றும் எழுதினார். இதே பசல் அலி பின்னர் மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் தலைவரானார். அந்த ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டியே 1956 நவம்பர் 1 அன்று மலபார் கேரளத்தோடு இணைந்தது.

சிறிதாகத் தோன்றிய வெற்றி

தோல்விக்கு நடுவே ஒரு விஷயத்தில் ஆறு நீதிபதிகளும் ஒன்றுபட்டனர். தடுப்புக் காவல் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்று தடை விதித்திருந்தது. கைதி தனக்குத் தரப்பட்ட காரணங்களை நீதிபதியிடம் கூறினால் அதுவும் குற்றம். காரணத்தைக் காட்டாமல் காவல் சட்டவிரோதமானது என்று ஒருவர் எப்படி நிரூபிக்க முடியும்? நீதிமன்றத்தை அணுகும் உரிமையைக் கொடுத்துவிட்டு, நீதிமன்றத்தின் கண்ணைக் கட்டுவதற்கு ஒப்பான அந்தப் பிரிவு செல்லாது என்று ரத்து செய்யப்பட்டது.

இந்தப் பகுதி அன்று அதிகம் பேசப்படவில்லை. ஆனால் அதன் பிறகு காவல் உத்தரவுகளை எதிர்த்து வந்த மனுக்களுக்கு உயிர் கொடுத்தது இதுதான். காரணங்கள் தெளிவற்றவை, பழைய சம்பவங்களை அடிப்படையாகக் கொண்டவை, கைதிக்குத் தெரிந்த மொழியில் தரப்படவில்லை, அவரது முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம் செய்யப்பட்டது என்றெல்லாம் நீதிமன்றங்கள் ஆராய்ந்து உத்தரவுகளை ரத்து செய்வது, காரணங்கள் நீதிபதியின் மேசைக்கு வருவதால்தான் சாத்தியமாகிறது.

மற்றொரு மாற்றம் நாடாளுமன்றம் வழியாக வந்தது. சில வகைக் கைதிகளின் வழக்குகளை ஆலோசனைக் குழுவின் பார்வைக்கே அனுப்பாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்க 12-ஆவது பிரிவு இடமளித்தது. கோபாலன் கடுமையாகத் தாக்கியதும், மாறுபட்ட இரு நீதிபதிகள் செல்லாது என்றதும் அந்தப் பிரிவைத்தான். படேல் மறைவுக்குப் பின் உள்துறைப் பொறுப்பேற்ற ராஜாஜி 1951-ல் கொண்டு வந்த திருத்தம், அனைத்துக் காவல் வழக்குகளும் ஆலோசனைக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும் என்று ஆக்கியது.

சிறையிலிருந்து மக்களவைக்கு

1951-ல் கோபாலன் விடுதலையானார். முதல் பொதுத் தேர்தலில் கண்ணூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 16 இடங்களைப் பெற்று, காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சியாக வந்தது. எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவிக்கு அன்று சட்ட அங்கீகாரம் இல்லை. ஆயினும் அவையின் முதல் எதிர்க்கட்சித் தலைவராக மதிக்கப்படுபவர் அவர்தான். அடுத்த மூன்று தேர்தல்களில் காசர்கோட்டிலிருந்தும், 1971-ல் பாலக்காட்டிலிருந்தும் வென்று, தொடர்ந்து ஐந்து மக்களவைகளில் உறுப்பினராக இருந்தார். 1952-ல் அவர் மணந்த சுசீலா கோபாலனும் பின்னர் மக்களவை உறுப்பினராகவும் கேரள அமைச்சராகவும் பணியாற்றினார்.

ஓராண்டுக்கு என்று கொண்டுவரப்பட்ட தடுப்புக் காவல் சட்டம் ஒவ்வொரு முறையும் நீட்டிக்கப்பட்டு, 1969 டிசம்பர் 31 வரை அமலில் இருந்தது. நீட்டிப்பு மசோதாக்களை கம்யூனிஸ்டுகளும், கொள்கையில் அவர்களுக்கு நேர் எதிரான ஜனசங்கத் தலைவர் சியாமபிரசாத் முகர்ஜியும் ஒருசேர எதிர்த்தது முதல் மக்களவையின் குறிப்பிடத்தக்க காட்சிகளில் ஒன்று. முகர்ஜி 1953 ஜூனில் ஸ்ரீநகரில் காவலில் இருந்தபோதே காலமானார்.

அவைக்கு வெளியிலும் கோபாலன் ஓயவில்லை. காபி வாரியம் தனது காபி இல்லங்களை மூடியபோது, வேலையிழந்த ஊழியர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார். 1957-ல் பெங்களூரிலும் தில்லியிலும் தொடங்கிய அந்தச் சங்கங்களின் இந்தியன் காபி ஹவுஸ்கள் பின்னர் பல நகரங்களுக்குப் பரவின. 1961-ல் கேரளத்தின் அமராவதியில், குடியேறிய விவசாயிகளை வெளியேற்றியதை எதிர்த்து அவர் உண்ணாவிரதம் இருந்தார்.

மீண்டும் சிறை, மீண்டும் மனு

1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி பிளவுபட்டு மார்க்சிஸ்ட் கட்சி உருவானபோது, அதன் முதல் அரசியல் தலைமைக் குழுவின் ஒன்பது பேரில் தமிழகத்தின் பி. ராமமூர்த்தியும் கோபாலனும் இடம்பெற்றனர். அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் நாடெங்கும் மார்க்சிஸ்ட் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். மக்களவை உறுப்பினரான கோபாலன் மீண்டும் தடுப்புக் காவல் கைதியானார். மீண்டும் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். இம்முறையும் விடுதலை கிடைக்கவில்லை.

அதே காலத்தில் திருச்சி மக்களவை உறுப்பினர் கே. அனந்தன் நம்பியாரும் புதுக்கோட்டை உறுப்பினர் ஆர். உமாநாத்தும், நாடாளுமன்ற உறுப்பினரைத் தடுப்புக் காவலில் வைத்து அவைக்கு வரவிடாமல் செய்யலாமா என்ற கேள்வியுடன் உச்ச நீதிமன்றம் சென்றனர். நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் தடுப்புக் காவலிலிருந்து விலக்கு இல்லை என்று 1965 அக்டோபரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் இயற்றும் அவையின் உறுப்பினருக்கும் சாதாரணக் குடிமகனுக்கும் இதில் வேறுபாடு இல்லை என்பது உறுதியானது.

1975 ஜூன் 25 இரவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 14, 21, 22 ஆகிய பிரிவுகளின் கீழான உரிமைகளுக்காக நீதிமன்றத்தை அணுகும் உரிமையை இரு நாள்களில் குடியரசுத் தலைவர் ஆணை நிறுத்தி வைத்தது. ஜூலை 21 அன்று மக்களவை கூடியபோது, பல உறுப்பினர்கள் சிறையில் இருக்க, உடல்நலம் குன்றிய கோபாலன் எழுந்து நெருக்கடி நிலையைக் கண்டித்தார். பத்திரிகைத் தணிக்கை அமலில் இருந்ததால் அவையில் எழுந்த கண்டனக் குரல்கள் மக்களைச் சென்றடைய வழியில்லை.

அடுத்த ஆண்டு ஆட்கொணர்வு உரிமையே கேள்விக்குள்ளானது. நெருக்கடி நிலையிலும் சட்டவிரோதக் காவலை ஆராயலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறியிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவை அனைத்தையும் மாற்றியது. ஐவரில் நால்வர், மனு செய்யும் உரிமையே இல்லை என்றனர். எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். 1950-ல் கோபாலனிடமிருந்து சுதந்திரம் மட்டுமே பறிபோனது, கேள்வி கேட்கும் வழி திறந்திருந்தது. 1976-ல் அந்த வழியும் அடைபட்டது.

1977 மார்ச்சில் நடந்த பொதுத் தேர்தலில் மக்கள் தீர்ப்பளித்தனர். மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை விலக்கிக் கொள்ளப்பட்டது. மறுநாள், மார்ச் 22 அன்று, ஏ.கே. கோபாலன் திருவனந்தபுரத்தில் காலமானார். அவருக்கு வயது 72.

இறந்த பின் கிடைத்த தீர்ப்பு

கோபாலன் வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பு இருபது ஆண்டுகள் ஆட்சி செலுத்தியது. 1970 பிப்ரவரியில் வங்கிகள் தேசியமயமாக்கல் வழக்கில், உரிமைகள் தனித்தனிப் பெட்டிகள் என்ற கருத்தை பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு கைவிட்டது. கோபாலன் மறைந்து பத்து மாதங்கள் கழித்து, 1978 ஜனவரி 25 அன்று மேனகா காந்தி வழக்கில், சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. நம்பியாரின் வாதமும் பசல் அலியின் மாறுபட்ட தீர்ப்பும் 28 ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் சட்டமாயின.

அதே 1978-ல் நிறைவேறிய 44-ஆவது அரசியல் சாசனத் திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளை நிறுத்தி வைக்க முடியாது என்று ஆக்கியது. ஜபல்பூர் தீர்ப்பை 2017 ஆகஸ்ட் 24 அன்று, தனியுரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு வெளிப்படையாக நிராகரித்தது.

இருப்பினும் கணக்கு முடிந்துவிடவில்லை. ஆலோசனைக் குழுவின் பார்வையின்றிக் கைதியை வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதங்களிலிருந்து இரண்டாகக் குறைத்து, அந்தக் குழுவின் நியமனத்தில் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குப் பங்களிக்கும் 44-ஆவது திருத்தத்தின் பகுதியை, தொடர்ந்து வந்த எந்த மத்திய அரசும் அமலுக்குக் கொண்டு வரவில்லை. 1980-ன் தேசியப் பாதுகாப்புச் சட்டம் அமலில் உள்ளது. தமிழகத்தில் குண்டர் சட்டம் என்று அறியப்படும் 1982-ன் 14-ஆவது சட்டம், ஓராண்டு வரை விசாரணையின்றிக் காவலில் வைக்க அனுமதிக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலும் அதன் மதுரைக் கிளையிலும் ஆட்கொணர்வு மனுக்களின் பட்டியல் நீண்டு கொண்டிருப்பதற்கு இந்தச் சட்டமே பெருங்காரணம். நடைமுறைக் குறைபாடுகளுக்காகப் பல உத்தரவுகள் ரத்தாகின்றன. ஆனால் மனு விசாரணைக்கு வருவதற்குள் காவல் காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிடுவதும் உண்டு. உச்ச நீதிமன்றத்தை நேரடியாக அணுகுவோரை முதலில் உயர் நீதிமன்றத்துக்குச் செல்லுமாறு கூறுவதும் இன்று வழக்கமாகியுள்ளது.

கோபாலனின் மனுவுக்குக் காவல் உத்தரவு வழங்கப்பட்ட மூன்று மாதங்களுக்குள் தீர்ப்புக் கிடைத்தது. அப்போதுதான் தொடங்கப்பட்ட நீதிமன்றம், தன் நீதிபதிகள் ஆறு பேரை ஒரு கைதியின் கேள்விக்காக அமர வைத்தது. பதில் அவருக்குப் பாதகமாக இருந்தாலும், கேள்வி கேட்கப்பட்டது. காரணத்தைக் காட்டாமல் எவரையும் அடைத்து வைக்க முடியாது என்ற விதி அந்த வழக்கிலிருந்தே பிறந்தது.

தில்லியில் கோல் மார்க்கெட் அருகே உள்ள மார்க்சிஸ்ட் கட்சித் தலைமையகம் ஏ.கே. கோபாலன் பவன் என்று அழைக்கப்படுகிறது. சட்டக் கல்லூரி மாணவர்களோ அவரது பெயரைச் சென்னை மாநில அரசுக்கு எதிரான 1950-ஆம் ஆண்டு வழக்கின் தலைப்பாகவே அறிவர். அவர்கள் முதலில் படிப்பது பெரும்பான்மைத் தீர்ப்பை. நீதிமன்றங்கள் இன்று பின்பற்றுவது, அன்று தோற்றுப்போன வாதத்தை.